அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பழமைவாதக் கிறிஸ்தவர்களின் செல்வாக்கு உண்மையில் எவ்வளவு?

நிறையவே உண்டு. ஆனால் பலர் நினைப்பதுபோல அது வாஷிங்டனிலிருந்து இறங்கி வருவதில்லை. பள்ளியில் என்ன கற்பிப்பது என்பதை அங்கே மாநிலங்களும், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உள்ளூர்ப் பள்ளி வாரியங்களும்தான் முடிவு செய்கின்றன. வாரியத் தேர்தலுக்கு ஓட்டுப் போட வருபவர்களோ குறைவு. நாலைந்து கிறிஸ்தவ சபைகள் மனது வைத்தால் ஒரு வாரியத்தையே பிடித்துவிடலாம்.

பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூரில் நடந்ததைப் பாருங்கள். 2004 அக்டோபரில் அந்த ஊர்ப் பள்ளி வாரியம் 6-3 என்ற கணக்கில் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்தில் டார்வினின் பரிணாமக் கொள்கையில் ஓட்டைகள் இருக்கின்றன, உயிர்களை அறிவுள்ள ஒரு சக்தி திட்டமிட்டு உருவாக்கியது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்றொரு மாற்று விளக்கமும் உண்டு என்று மாணவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். பிறகு அதை ஓர் அறிக்கையாக வகுப்பில் வாசிக்கச் சொன்னது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். கடைசியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். வேலை போனாலும் போகட்டும் என்று நின்ற அந்த ஆசிரியர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை.

பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். வாரியம் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய வரைவுகள் நீதிமன்றத்துக்கு வந்தன. உயிர்களைக் கடவுள் நேரடியாகப் படைத்தார் என்னும் படைப்புவாதத்தை அரசுப் பள்ளியில் அறிவியலாகக் கற்பிக்கக் கூடாது என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ‘படைப்பு’ என்று இருந்த இடங்களிலெல்லாம் ‘வடிவமைப்பு’ என்று மாற்றியிருந்தது அம்பலமானது. வாரியத்துக்கு எதிராகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். 2005 டிசம்பரில் அந்த அறிக்கை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பெழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ், பழமைவாதிகளின் ஆதரவு பெற்ற குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். பள்ளி மாவட்டம் (வாரியத்தின் கீழுள்ள பள்ளிகளின் நிர்வாகம்) வழக்குச் செலவாக 10 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. தீர்ப்புக்கு முந்தைய மாதமே, தேர்தலில் நின்ற வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் ஊர் மக்கள் தோற்கடித்திருந்தார்கள். பக்தியுள்ள ஊர்தான் அது.

இப்போது நிலைமை வேறு. பைபிளின் பத்துக் கட்டளைகளை வகுப்பறையில் மாட்டச் சொன்ன கென்டக்கி சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1980-இலேயே ரத்து செய்தது. ஆனால் 2022-இல், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் ஜெபித்த ஓர் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னபோது, அரசின் செயலுக்கு மதச்சார்பற்ற நோக்கம் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கும் பழைய அளவுகோலையே அந்த நீதிமன்றம் கைவிட்டது. கதவு திறந்துவிட்டது என்று மாநிலங்கள் புரிந்துகொண்டன. பத்துக் கட்டளைகளை மாட்ட லூசியானா 2024-இலும் டெக்சாஸ் 2025-இலும் சட்டம் போட்டன. இரண்டும் வழக்கில் சிக்கின. பைபிள் கதைகள் கலந்த தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டம் ஒன்றை டெக்சாஸ் கல்வி வாரியம் 2024 நவம்பரில் 8-7 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஏற்றது. கட்டாயமில்லை; ஆனால் எடுத்துக்கொள்ளும் பள்ளிகளுக்கு மாணவர் கணக்கில் கூடுதல் பணம் உண்டு. ஏழைப் பள்ளி மாவட்டம் எப்படி வேண்டாம் என்று சொல்லும்?

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவன், புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.யின் சண்டே கிளாஸில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்தவன். என் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இருந்தும் டெக்சாஸ் சட்டத்தை மனதார எதிர்க்கிறேன். நாங்கள் இரண்டாம் கட்டளையாகச் சொல்வது கத்தோலிக்கர்களுக்கு முதல் கட்டளைக்குள்ளேயே வந்துவிடும். யூதர்களின் வரிசை இன்னொன்று. எந்தச் சபையின் வாசகம் சுவரில் ஏற வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை அரசாங்கத்தின் கையில் கொடுத்தால், நாளைக்கு அது என் சபைக்கு எதிராகவும் திரும்பலாம். சிறுபான்மையாக வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அங்கே வாழும் தமிழ்ப் பெற்றோர் வாரியக் கூட்டங்களுக்குப் போங்கள். குடியுரிமை இல்லாவிட்டால் பெரும்பாலான இடங்களில் ஓட்டுத்தான் போட முடியாது, பேசலாம். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உள்ள எதைப் பற்றியும் பொதுமக்கள் பேச இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று டெக்சாஸில் 2019 முதல் சட்டமே இருக்கிறது.