பி.இ.ஆர். எகிறினால் முதலில் எதைச் சந்தேகிப்பது? கேள்வி பதில்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் ஆலையின் டெஸ்ட் லைனில் பல வருடம் நின்றுவிட்டு, இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். போனின் சிக்னலைச் சோதிக்கும் பழைய ரேடியோ டெஸ்டர் வாங்கி வைத்திருக்கும் கடைக்காரர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டெஸ்டர் போனுக்குக் குறிப்பிட்ட பிட்களை அனுப்பும், போன் அவற்றை அப்படியே திருப்பி அனுப்பும் (இதுதான் லூப்பேக்), டெஸ்டர் இரண்டையும் ஒப்பிட்டு எத்தனை பிட் மாறியது என்று எண்ணும். அதுதான் பிட் பிழை விகிதம், பி.இ.ஆர். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம். ஜிஎஸ்எம் என்பது 2ஜி; 900, 1800 என்பவை அது ஓடும் அலைவரிசைகள், மெகாஹெர்ட்ஸில்.

மன்னார்குடி, சர்வீஸ் கடை: ஜிஎஸ்எம் 900ல் -102 டிபிஎம் வைத்துப் பார்க்கிறேன். ஒரே மாடலில் ஐந்து போன், ஐந்திலும் 6, 7 சதவீதம். ஐந்துமே கெட்டதா அண்ணா?

ஐந்து போனும் ஒரே மாதிரி கெட்டுப்போகாது தம்பி. ஐந்துக்கும் பொதுவாக இருப்பது உங்கள் கேபிள்தான். அந்த அளவில் இரண்டாம் வகுப்புப் பிட்களுக்கான (பாதுகாப்புக் குறியீடு இல்லாமல் போகும் பிட்கள்) வரம்பு 2.439 சதவீதம். ஆனால் டெஸ்டர் -102 அனுப்பினால் போனுக்கும் -102 போய்ச் சேரும் என்று யார் சொன்னது? வழியில் கேபிள், அடாப்டர், போர்டில் குத்தும் புரோப் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடும். இந்த விளிம்பில் ஒரு டெசிபல் குறைந்தாலே பிழை விறுவிறுவென்று ஏறும்.

இழப்பை அளக்க எளிய வழி: ஒரே மாதிரி இரண்டு கேபிள்களை முனையோடு முனை கோத்து, டெஸ்டரின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கே கொடுங்கள். எவ்வளவு குறைகிறதோ அதில் பாதி ஒரு கேபிளின் இழப்பு. நடுவில் போடும் அடாப்டரின் இழப்பும் சேர்ந்துவிடும், அதை மறக்க வேண்டாம். 900க்குத் தனியாக, 1800க்குத் தனியாக அளக்கவேண்டும், 1800ல் இழப்பு கூடுதல். அப்புறம் டெஸ்டரில் போகும் வழி, வரும் வழி இரண்டுக்கும் அதைப் பதியுங்கள். ஒன்றை மட்டும் பதிந்துவிட்டு இன்னொன்றை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் அந்த ரகம்தான்.

தஞ்சாவூர், பாலிடெக்னிக் மாணவி: பி.இ.ஆர். 49 சதவீதம் காட்டுகிறது. ரிசீவர் செத்துவிட்டதா சார்?

செத்திருந்தால் அழைப்பே நிற்காதும்மா, அறுந்திருக்கும். 50க்குப் பக்கத்தில் ஓர் எண் வந்தால் அது காசு சுண்டிப்போட்ட கணக்கு. அனுப்பியதற்கும் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று அர்த்தம். ஒன்று, போன் லூப்பேக்கைத் திறக்கவில்லை. இரண்டு, லூப்பின் தாமதத்தை டெஸ்டர் தப்பாக எடுத்து, இந்த ஃபிரேமை (ஒரு பிட் தொகுப்பை) வேறொரு ஃபிரேமோடு ஒப்பிடுகிறது. அளவை -60க்கு ஏற்றிப் பாருங்கள். அப்போதும் 49 என்றால் ரேடியோவை விட்டுவிட்டு லூப்பைப் பாருங்கள். டெஸ்ட் சிம் போட்டிருக்கிறீர்களா? சில போன்கள் 001-01 எண் கொண்ட டெஸ்ட் சிம் இல்லாமல் லூப்பைத் திறக்காது.

திருவாரூர்: அதே போன், அதே கேபிள். ஒருமுறை 1.1, அடுத்து 2.8, அப்புறம் 1.9. எதை நம்புவது?

எத்தனை பிட் எண்ணினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆயிரம் என்று ஊகிக்கிறேன். உண்மை விகிதம் 2 சதவீதமாக இருந்தால், ஆயிரம் பிட்டில் 20 பிழை. இருபதின் வர்க்கமூலம் சுமார் 4.5, அதன் இருமடங்கு 9. ஆக, பிழை 11க்கும் 29க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும். உங்கள் மூன்று எண்களும் அதற்குள்தான் இருக்கின்றன. போனில் ஒரு குறையும் இல்லை.

பத்தாயிரம் பிட் எண்ணினால் 200 பிழை, கூடக்குறைய 28. அதாவது 1.7லிருந்து 2.3 வரை. நேரம்? குரல் சேனலில் 20 மில்லிவினாடிக்கு ஒரு ஃபிரேம், அதில் 260 பிட். 182 பிட் முதல் வகுப்பு, பாதுகாப்புக் குறியீட்டோடு போகும். மீதி 78 இரண்டாம் வகுப்பு, வெறும் உடம்போடு போகும். அதனால்தான் அடி முதலில் இரண்டாம் வகுப்பில் தெரிகிறது. வினாடிக்கு 3,900 பிட் என்றால் பத்தாயிரத்துக்கு மூன்று வினாடிகூட ஆகாது. நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி நெல்லை எடுத்து மொத்த லோடுக்கும் ஈரப்பதம் சொன்னால் சண்டைக்குப் போகமாட்டீர்களா? இங்கே மட்டும் ஏன் மூன்று வினாடிக்குக் கஞ்சத்தனம்?

பட்டுக்கோட்டை: சிக்னல் பலமாக, -70ல் இருக்கும்போதும் 0.3 சதவீதம் பிழை. குறையவே மாட்டேன் என்கிறது.

இது திரும்பி வரும் வழியில் உள்ள கோளாறாகத்தான் பெரும்பாலும் இருக்கும். லூப்பேக்கில் டெஸ்டருக்குத் தெரிவது மொத்தப் பிழைதான். போகும்போது கெட்டதா, வரும்போது கெட்டதா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. போனின் அனுப்பும் திறனைக் கூட்டுங்கள், டெஸ்டர் எதிர்பார்க்கும் அளவையும் அதற்கேற்ப மாற்றுங்கள். பிழை சுழியானால் போனின் ரிசீவர் நிரபராதி.

நாகப்பட்டினம்: எல்லாச் சேனலும் சரி, ஒரே ஒரு சேனலில் மட்டும் தோற்கிறது.

எந்தச் சேனல்? 5 என்றால் எனக்குச் சிரிப்பு வரும். ஜிஎஸ்எம் போன்களில் கடிகாரத் துடிப்பு 13 அல்லது 26 மெகாஹெர்ட்ஸ், அதன் மடங்குகளிலும் சத்தம் கசியும். 13ஐ 72ஆல் பெருக்கினால் 936, அதுதான் 5ஆம் சேனல் போனுக்கு வரும் அலைவரிசை. 73ஆல் பெருக்கினால் 949, அது 70ஆம் சேனல். போன் தன் சத்தத்திலேயே தன் காதை அடைத்துக்கொள்கிறது. போர்டின் மேல் இருக்கும் உலோக ஷீல்டு மூடி சரியாக உட்காராமல் இருக்கிறதா பாருங்கள், பழுதுபார்த்த போன்களில் அது சகஜம்.

வேறு சேனல் என்றால், பக்கத்து டவர் அதே சேனலில் ஒலிபரப்பிக்கொண்டிருக்கலாம். எல்லா மாடல் போனும் அங்கே தோற்றால் குற்றவாளி வெளியே இருக்கிறார். வெளிச் சிக்னல் நுழையாத ஷீல்டு பெட்டிக்குள் வைத்துத் திரும்ப அளங்கள். பெட்டி இல்லாமல் ஆன்டெனா வைத்து டெஸ்டரை ஒலிபரப்ப விடாதீர்கள், தெருவில் போகிறவர் போன் உங்களிடம் வந்து ஒட்டும்.

கும்பகோணம்: 4ஜி போனுக்கும் இதே பி.இ.ஆர். தானா?

இல்லை. 3ஜி வரை உண்டு: பேண்ட் (அலைவரிசைத் தொகுதி) 1ல் -106.7 டிபிஎம் மொத்த அளவில் 0.1 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். 4ஜியில் பிட்டை எண்ணுவதில்லை. ஒவ்வொரு கட்டும் சரியாக வந்ததா இல்லையா என்று போனே பதில் சொல்லும், அதை வைத்து வேகம் உச்சத்தில் 95 சதவீதமாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேண்ட் 40ல் 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு, இதைச் சோதிக்கும் சிக்னல் அளவு -97 டிபிஎம்.

மயிலாடுதுறை: சித்திரையில் ஓடிய அதே செட்டப், ஐப்பசி மழை வந்ததும் ஆடுகிறது. டெஸ்டருக்கு ஈரம் ஆகாதோ?

டெஸ்டரை விடுங்கள், கனெக்டர் முனைகளைப் பாருங்கள். அளவீடு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளை மெல்ல அசையுங்கள். எண் குதித்தால் அங்கேதான் இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இறுக்கத்தைச் சரிபாருங்கள். நடு ஊசி தேய்ந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, கேபிளையே மாற்றுங்கள். புதுசு வந்ததும் அதன் இழப்பை அளந்து பதியாமல் போனைத் தொடாதீர்கள்.