அடிவார நிலத்தை உழலாமா? எத்தனால் மக்காச்சோளம் பற்றி வாழப்பாடியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: எனக்கு வாழப்பாடி பக்கம் 4 ஏக்கர், கிணற்றுப் பாசனம். பாதியில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), பாதியில் மக்காச்சோளம். அது போக அருநூத்துமலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் பட்டா சும்மா கிடக்கிறது, ஆடு மேயும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு மக்காச்சோளம் கேட்கிறார்கள், இனி விலை இறங்காது என்கிறார் வியாபாரி. கிழங்கை விட்டுவிட்டு, அடிவாரத்தையும் உழுது, ஐந்தரை ஏக்கரிலும் மக்காச்சோளமே போடலாமா? காலேஜில் படிக்கும் மகன், "பெட்ரோலில் கலக்கப் பயிர் செய்தால் எங்கேயோ காடு அழியும்ப்பா" என்கிறான். வாழப்பாடியில் நான் விதைத்தால் எங்கே அழியும்? அப்புறம், எத்தனால் ஆலைச் சக்கையைக் கறவை மாட்டுக்குப் போடலாமா?

பதில்: அடிவார நிலத்தை உழ வேண்டாம். கிழங்கை முழுசாக விடவும் வேண்டாம். மகன் சொல்வது பெரும்பாலும் சரி. நீங்கள் கேட்ட "எங்கே" என்பதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் காரணம் புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் ஏரி, நாலு மடை. நாலுக்கும் அளவாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்தாவதாக ஒரு மடை வைத்து அதில் போகும் தண்ணீருக்கு நல்ல விலையும் கொடுத்தால், மடைக்குப் பக்கத்து வயலில் ஒரு குறையும் தெரியாது. கடைமடைக்காரர் வயல் காயும். அவர் சும்மா இருக்க மாட்டார், கடன் வாங்கியாவது போர்வெல் போடுவார். அந்த போர்வெல்லுக்கு ஐந்தாவது மடைதான் காரணம் என்று எந்த ஆவணத்திலும் இருக்காது. மறைமுக நிலப்பயன் மாற்றம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இதைத்தான். இங்கே இருக்கிற வயலின் விளைச்சல் எரிபொருளுக்குப் போகிறது. அந்தத் தானியத்தை நம்பியிருந்தவர் வேறு இடத்தில் வாங்குகிறார். அந்த வேறு இடத்தில் யாரோ புதிதாக நிலம் திருத்துகிறார்.

சேலத்துக்காரர்களுக்கு இது புதுக்கதை இல்லை. இரண்டாம் உலகப்போரில் மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, குச்சிக்கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யும் சேகோ தொழில் இங்கே பிறந்தது. ஆலைகள் பெருகப் பெருகக் கிழங்குக்குத் தேவை கூடியது. சமவெளியோடு நிற்கவில்லை. கொல்லிமலைக்கு ஏறினால் பாருங்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் பெரும்பகுதி குச்சிக்கிழங்குக்கு மாறிவிட்டது. வீட்டுக்குச் சோறு போட்ட நிலம், லாரி ஏறும் கிழங்கை விளைவிக்கிறது. மலையில் யாரும் சேலத்து ஆலை முதலாளியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். விலை மட்டும் மலை ஏறிப் போனது.

இப்போது மக்காச்சோளத்துக்கு வருவோம். 2003-இல் ஒன்பது மாநிலங்களில் தொடங்கிய எத்தனால் கலப்பு, 2013-14-இல்கூட ஒன்றரை சதவீதத்தில்தான் நின்றது. 2018-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 20 சதவீதக் கலப்பை 2030-க்குள் எட்ட வேண்டும் என்றிருந்த இலக்கை 2022-இல் திருத்தி 2025-26-க்கு முன்னே கொண்டுவந்தார்கள். 2025-இல் எட்டியும் விட்டோம். 2009-இல் வந்த முந்தைய கொள்கை, உணவுப் பயிரைத் தொடாமல் தரிசு நிலத்தையும், டீசலுக்கு எண்ணெய் தரும் காட்டாமணக்கையும் நம்பியது. 2018 கொள்கை மக்காச்சோளம், மரவள்ளி, உடைந்த அரிசி, உபரித் தானியம் எல்லாவற்றையும் உள்ளே விட்டது. இந்த ஒரு மாற்றத்தில்தான் உங்கள் வியாபாரிக்கும் நாமக்கல் கோழிப்பண்ணைக்கும் போட்டி தொடங்கியது.

அந்தப் போட்டியின் அளவை உங்கள் வண்டியை வைத்தே பார்க்கலாம். 10 லிட்டர் பெட்ரோல் போட்டால் அதில் 2 லிட்டர் எத்தனால். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் வருகிறது. ஆக அந்த 2 லிட்டருக்கு ஐந்தேகால் கிலோ மக்காச்சோளம். ஒரு முட்டைக்கோழி நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும், அதில் பாதியாவது மக்காச்சோளம். ஒரு தடவை நிரப்பிய டேங்க், ஒரு கோழியின் மூன்று மாத மக்காச்சோளம். ஏக்கருக்கு 25 குவிண்டால் எடுக்கிறீர்கள் என்றால் ஓர் ஏக்கர் 125 கோழிகளுக்கு ஒரு வருஷம் வரும். முட்டைக் கணக்கில் சுமார் 37,500. இதில் ஒன்றை நேர்மையாகச் சேர்க்க வேண்டும்: எத்தனால் எடுத்த பின் டன்னுக்கு 300 கிலோ அளவுக்குப் புரதம் நிறைந்த சக்கை தீவனமாகத் திரும்பி வருகிறது. முழுதும் எரிந்துபோகவில்லை. மாவுச்சத்துதான் போய்விடுகிறது.

நாமக்கல்லில் பற்றாக்குறை வந்தபோது என்ன நடந்தது? வருஷத்துக்கு 30, 40 லட்சம் டன் மக்காச்சோளத்தை வெளியே அனுப்பிவந்த நாடு, 2024-இல் வாங்கும் நாடாக மாறியது. மரபணு மாற்றாத மக்காச்சோளம்தான் வேண்டும் என்பதால் பெரும்பாலும் மியான்மரிலும் உக்ரைனிலும் வாங்கினோம். மியான்மரின் ஷான் மலைப்பகுதியில் மக்காச்சோளம் எப்படி விரிந்தது தெரியுமா? சரிவுகளைத் திருத்தி, அறுத்த தட்டைக் கொளுத்தி, அடுத்த போகம். மாசி, பங்குனியில் அந்தப் புகை வடதாய்லாந்து வரை மூடுகிறது. அங்கே விரிவு தொடங்கியது தாய்லாந்து, சீனத் தீவனத் தேவைக்காக. நாமும் அதே சந்தையில் போய் நின்றோம், அவ்வளவுதான். மகன் சொன்ன "எங்கேயோ" என்பதற்கு ஓர் இடம் கேட்டால் நான் அந்தச் சரிவுகளைக் காட்டுவேன்.

எவ்வளவு கெடுதல் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. 2008 பிப்ரவரியில் டிமோதி சர்ச்சிங்கரும் அவருடைய குழுவினரும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் இந்த விவாதத்தைப் பெரிதாக்கியது. அமெரிக்க மக்காச்சோள எத்தனால், பூமியைச் சூடாக்கும் வாயுவைப் பெட்ரோலைவிட 20 சதவீதம் குறைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ திருத்தப்படும் நிலத்தையும் சேர்த்தால், 30 வருஷக் கணக்கில் அந்த வாயு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அது மிகை என்று பின்னால் பலர் சொன்னார்கள். கலிபோர்னியா அரசு மக்காச்சோள எத்தனாலின் ஒவ்வொரு மெகாஜூல் ஆற்றலுக்கும் இந்த மறைமுகக் கணக்கில் முதலில் 30 கிராம் கரியமில வாயு சேர்த்தது, 2015-இல் அதை 20 கிராம் அளவுக்குக் குறைத்தது. பெட்ரோலின் மொத்தமே 94 கிராம் பக்கம்தான். அதனால் இந்த 20 சின்ன எண் இல்லை. 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்கக் கலப்புச் சட்டத்தால் மக்காச்சோள விலை 30 சதவீதம் கூடியது, அந்த எத்தனால் பெட்ரோலைவிட 24 சதவீதமாவது மோசமாக இருக்க வாய்ப்புண்டு என்றது. ஐரோப்பா எண்ணில் சண்டை போடாமல் உணவுப்பயிர் எரிபொருளுக்கு 7 சதவீத உச்சவரம்பு வைத்தது. பாமாயில் டீசலை 2030-க்குள் பசுமை எரிபொருள் கணக்கிலிருந்தே நீக்கப்போகிறது. நம் கொள்கையில் இப்படியொரு கணக்கே இல்லை. 20 சதவீதத்தைத் தாண்டிப் போவது பற்றிப் பேசும் முன் அதைச் சேர்த்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இந்தப் பழியை உங்கள் தலையில் வைக்க மாட்டேன். ஏற்கெனவே மக்காச்சோளம் போட்ட இரண்டு ஏக்கரில் மறுபடி மக்காச்சோளம் போடுவதில் உங்கள் பங்கில் எதுவும் மாறவில்லை. அது கோழிக்குப் போகிறதா டேங்குக்குப் போகிறதா என்பதை முடிவு செய்வது கொள்கை. உங்கள் கையில் இருப்பது அந்த அடிவார ஒன்றரை ஏக்கர். அதை உழுதால் அந்த "எங்கேயோ" உங்கள் பட்டாவிலேயே வந்துவிடும்.

சும்மா கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சும்மா கிடக்கவில்லை. வருஷக்கணக்கில் கலப்பை படாத செம்மண்ணில் புல் வேரும் இலைச்சத்தும் சேர்ந்து கிடக்கும். முதல் உழவிலேயே அதில் அடங்கியிருக்கும் கார்பன் கரியமில வாயுவாக வெளியேறத் தொடங்கும். ஐப்பசி மழையில் சரிவு மண் ஓடைக்குப் போகும், கீழே உங்கள் கிணற்றுக்கு வரும் ஊற்றும் குறையும். அங்கே மேய்ந்த ஆடு வேறு இடம் தேடும், அநேகமாக இன்னும் மேலே, காப்புக்காட்டு எல்லைக்கு. போதாததற்குக் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி வரும். அடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டவர்கள் இரவெல்லாம் பரண் மேல் உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு எடுத்து, கொழுக்கட்டைப் புல் விதைத்து, ஓரத்தில் புங்கனும் வேம்பும் வைத்து ஆட்டுக்கே விடுங்கள். ஆட்டு விலையை வைத்துப் பார்த்தால் அந்த நிலத்துக்கு அதுவே நல்ல பயிர்.

தரிசு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பயம் வருகிறது. காட்டாமணக்கு அலை அடித்தபோது அதை நடச் சொல்லி ஊர் ஊராகப் பேசியவர்களில் நானும் ஒருவன். தண்ணீர் வேண்டாம், ஆடு தின்னாது, திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி கன்று கொடுத்தது. தரிசில் வைக்கச் சொன்னோம். ஒருவர் கடலைக் காட்டில் வைத்தார். மூன்றாம் வருஷம் நான் போனபோது செடிக்கு ஒரு கைப்பிடி காய்கூட இல்லை. கம்பெனி ஆட்கள் போனையே எடுக்கவில்லை. அவர் ஒவ்வொரு செடியாகக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. "டீ குடிக்கிறீங்களா" என்று கேட்டார். அதற்கப்புறம் விலை உறுதி என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, அந்த விலை எதில் நிற்கிறது என்பதைத்தான்.

மக்காச்சோள விலை எதில் நின்றது? 2023 ஜூலையில் எத்தனால் ஆலைகளுக்கு இந்திய உணவுக் கழகத்தின் அரிசி நின்றது. டிசம்பரில் கரும்புச்சாற்றுக்குக் கட்டுப்பாடு வந்தது. மக்காச்சோளம்தான் மிச்சம். 2024 ஜனவரியில் மக்காச்சோள எத்தனாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 71.86 ரூபாயாக்கினார்கள். ஆலைகள் ஓடி வந்தன, உங்கள் வியாபாரியும் வந்தார். அப்புறம் கரும்புச்சாறு திறந்துவிடப்பட்டது, அரிசியும் மலிவாகத் திரும்ப வந்தது. 2025-26-க்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அதே 2025 நவம்பரில், அதைவிடக் குறைவாகத்தான் விலை கிடைக்கிறது என்று வடகர்நாடக விவசாயிகள் சாலைக்கு வந்து போராடினார்கள். ஆதரவு விலை அறிவிப்பது வேறு, அந்த விலைக்கு வாங்க ஆள் வருவது வேறு. ஒரு சுற்றறிக்கையில் ஏறிய விலை இன்னொரு சுற்றறிக்கையில் இறங்கும். இனி இறங்காது என்று வியாபாரி சொல்வதை நம்பி நாலு ஏக்கரையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள்.

கிழங்கில் உங்களுக்கு உள்ள சலிப்பு புரிகிறது. பத்து மாதம் காத்திருக்க வேண்டும், ஆலையில் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) குறைத்துப் போடுவார்கள், மாவுப்பூச்சி வேறு. ஆனால் அந்தப் பூச்சியைக் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவியை 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டதிலிருந்து நிலைமை தேறியிருக்கிறது. பூச்சி இல்லாத விதைக்குச்சிக்கும் அங்கேயே கேளுங்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்குக்குச் சொந்தமாக ஒரு சந்தை இருக்கிறது, அது டெல்லி அறிவிப்பைப் பார்த்து நடப்பதில்லை. அதனால் இரண்டு, இரண்டு என்று இப்போது இருப்பதையே வைத்து, வருஷா வருஷம் நிலத்தை மாற்றிப் போடுங்கள். மக்காச்சோளத்தில் ஊடே உளுந்தோ தட்டைப்பயறோ விதையுங்கள். படைப்புழுவை முதல் மூன்று வாரத்துக்குள் பார்த்து, மண் பரிசோதனைப்படி உரம் வைத்து, 25 குவிண்டாலை 30 ஆக்கினால் அந்தக் கூடுதல் 5 குவிண்டால் யாருடைய தட்டிலிருந்தும் எடுத்ததில்லை. ஐரோப்பியர்கள் நிலத்தைக் கெடுக்காத எரிபொருள் என்று சான்று கொடுப்பதும் பெரும்பாலும் இப்படி வந்த கூடுதல் விளைச்சலுக்குத்தான். கழிவிலிருந்து வரும் எரிபொருளும் யாருடைய நிலத்தையும் எடுப்பதில்லை. நம் சேகோ ஆலைகள் பலவற்றில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து அங்கேயே எரிக்கிறார்கள். அதற்கு ஒரு சென்ட் நிலம்கூடப் புதிதாக வேண்டியதில்லை. மானியம் முதலில் போக வேண்டியது அங்கேதான்.

விற்கும்போது ஈரத்தைக் கவனியுங்கள். 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடையில் கழிப்பார்கள். ரோட்டில் உலர்த்தாமல் தார்ப்பாய் விரித்துக் காயவையுங்கள், மணியைக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும்.

மாட்டுக்குச் சக்கை: போடலாம். அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதையும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு எச்சரிக்கை உண்டு. மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால், மாவுச்சத்து போன பிறகு சக்கையில் அது மூன்று மடங்கு அடர்த்தியாகிவிடும், பாலிலும் இறங்கும். மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடாகவோ கட்டி தட்டியோ இருந்தாலும், முக்கல் வாடை அடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.