மாடல் சரிதான், பல்ஸ்தான் போதவில்லை

கேள்வி: இறுதியாண்டு இஇஇ (எலெக்ட்ரிகல்) மாணவன். சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப்பார்க்கும் சிமுலிங்க் சாஃப்ட்வேரில் சிங்கிள் ஃபேஸ் ஏசி வோல்டேஜ் கன்ட்ரோலர் (எதிரெதிராக இணைத்த இரண்டு எஸ்சிஆர் ஸ்விட்சுகளால் வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) செய்கிறேன். ரெசிஸ்டர் மட்டும் இருந்தால் அலை சரியாக வருகிறது. 10 ஓம் ரெசிஸ்டரும் 32 மில்லிஹென்றி காயிலும் சேர்ந்த லோடு கொடுத்து, ஃபயரிங் ஆங்கிளை (அலையில் எஸ்சிஆருக்குப் பல்ஸ் கொடுக்கும் இடத்தை) 30 டிகிரிக்கு இறக்கினால் ஒரு பக்க அலைதான் வருகிறது. எஸ்சிஆரை ஆன் செய்யும் பல்ஸின் அகலம் ஒரு சைக்கிளில் 1 சதவீதம். ப்ராஜெக்ட் சென்டரில் மாடலே தப்பு, புதிதாகச் செய்துதருகிறோம் என்று பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாடலில் தப்பில்லை.

காயில் உள்ள லோடில் வோல்டேஜ் பூஜ்யத்தைத் தாண்டினாலும் கரண்ட் உடனே நிற்காது. 30 டிகிரியில் ஆன் ஆகும் முதல் எஸ்சிஆரில் உங்கள் லோடுக்குச் சுமார் 225 டிகிரி வரை கரண்ட் ஓடும். இரண்டாவதற்கு அரை சைக்கிள் தள்ளி, 210-இலேயே பல்ஸ் வந்துவிடுகிறது. முதலாவது ஓடிக்கொண்டிருக்கும்வரை இரண்டாவது ஆன் ஆகாது. அது தயாராகும்போது பல்ஸ் போயே போய்விட்டது. கதவு திறக்குமுன் பெல்லடித்துவிட்டுப் போன கூரியர்காரர் கதைதான்.

பல்ஸ் அகலத்தை 40 சதவீதம் ஆக்குங்கள். தாமதத்தை டிகிரியில் போடாதீர்கள், வினாடியில் போடுங்கள்: முதலாவதற்கு 0.001667, இரண்டாவதற்கு 0.011667. இரு பக்க அலையும் வந்துவிடும்.

அப்புறம் இன்னொரு பயம் வரும். 30 வைத்தாலும் 40 வைத்தாலும் அதே முழு சைன் அலை! அதுவும் சரிதான். உங்கள் லோடின் கோணம், அதாவது வோல்டேஜுக்குக் கரண்ட் பின்தங்கும் அளவு, 45 டிகிரி. அதற்குக் கீழே ஆங்கிளை எவ்வளவு குறைத்தாலும் வோல்டேஜ் மாறாது. 45 முதல் 180 வரைதான் உங்கள் கைக்குள். ரிப்போர்ட்டில் இதைத் தைரியமாக எழுதுங்கள். போர்டில் செய்யும்போது மட்டும் இந்த நீளப் பல்ஸை அப்படியே, அதை எஸ்சிஆருக்குக் கடத்தும் பல்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரில் விடக்கூடாது, கோர் சாச்சுரேட் ஆகிவிடும். சில கிலோஹெர்ட்ஸில் நறுக்கி அனுப்பவேண்டும்.

சென்டர்காரர் என்ன செய்வார் தெரியுமா? ஆங்கிளை 60-க்கு ஏற்றி, ஸ்கோப்பைப் படம் பிடித்து, பைண்டிங் போட்டுத் தருவார். 60 என்பது 45-ஐவிட அதிகம், அதனால் பிரச்சினை தலைகாட்டாது. அடுத்த வருஷம் அதே ஃபைல் இன்னொருவருக்குப் போகும். வைவாவில் எக்ஸாமினர்கள் ஏன் 30 இல்லை என்று கேட்டால் முழிக்கப்போவது நீங்கள். கேட்பார்களா என்பது வேறு விஷயம்! பேஸ் பேப்பர் (ப்ராஜெக்டுக்கு அடிப்படையான ஆய்வுக் கட்டுரை) எங்கே, எத்தனை பக்கம் என்று பார்ப்பதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை. லேப் ரெக்கார்டிலும் 60, 90, 120 என்று மூன்று படம் வரைந்தால் கையெழுத்து விழுந்துவிடுகிறது. மாணவன் இந்தச் சிக்கலை எங்கேதான் பார்ப்பான்?

கடைசியாக, சோர்ஸில் 230 போட்டிருந்தால் 325 ஆக்குங்கள், அங்கே கேட்பது உச்ச மதிப்பு. ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு) காட்டும் பிளாக்கில் ஃப்ரீக்வென்சி 60 என்றே கிடக்கும், 50 ஆக்குங்கள். ரெசிஸ்டர் லோடுக்கு 90 டிகிரியில் 162 வோல்ட்டை ஒட்டி வந்தால், மற்ற ஆங்கிள்களுக்கு டேபிள் போட ஆரம்பிக்கலாம்.