1965 எம்ஜிபி: எஞ்சினை மாற்ற அவசரப்படாதீர்கள்

வணக்கம். உங்கள் 1965 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) நெரிசலில் சூடாகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, அதனால் மெக்கானிக் ஜப்பான் எஞ்சின் போடச் சொல்கிறார் என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். உங்களுடையது ஐந்து பேரிங் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை ஐந்து இடங்களில் தாங்கும் அமைப்பு) கொண்ட 1798 சிசி எஞ்சின். 1964 கடைசிவரை வந்தவற்றில் பெரும்பாலும் மூன்று பேரிங்தான். உறுதியான பிளாக், எளிதில் சாகாது.

முதலில் ரேடியேட்டரில் அடைப்பு எடுங்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள், டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறதா பாருங்கள்.

சி.பி. பாயிண்டுக்கு (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பழைய தொடுமுனை) பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் தாராளமாகப் போடலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே தெரியாது. ஆனால் அந்த ஆண்டு வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்! இடையில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பேட்டரி ஒயரைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற கிட்டை வாங்குங்கள். தலைகீழாக இணைத்தால் கருகிவிடும்.

ஸ்பானரால் போட்டு ஸ்பானராலேயே கழற்றக்கூடிய மாற்றம் எதுவானாலும் எனக்குச் சம்மதம். பாடியை வெட்டி வெல்டிங் வைப்பதுதான் மனதை அறுக்கிறது. கழற்றும் பழைய பாகங்களை எடைக்குப் போடாமல் பெட்டியில் வையுங்கள். இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் சான்றிதழுக்கும் (வண்டியின் தொழிற்சாலைப் பதிவு விவரம்) எழுதிப்போடுங்கள். அதிலுள்ள எஞ்சின் எண் உங்கள் வண்டியோடு பொருந்தினால் இங்கே சொல்லுங்கள்.