பேரனுக்குப் பனங்கற்கண்டு கொடுக்கலாமா?

கேள்வி: என் பேரனுக்கு எட்டு மாதம். கேழ்வரகுக் கூழில் நான் கொஞ்சம் பனங்கற்கண்டு போட்டால், 'ரெண்டு வயசு வரைக்கும் இனிப்பே வேண்டாம் அத்தை' என்கிறாள் மருமகள். என் மூன்று பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆனால் கைக்குழந்தைக்கு ஊட்டும் ஒரு ஸ்பூன் இனிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி. நானும் என் மூத்த மகளுக்கு நாட்டுச்சர்க்கரை கலந்துதான் கூழ் ஊட்டினேன். அப்போது தெரிந்தது அவ்வளவுதான். அதனால் நீங்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பனங்கற்கண்டு, கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். கருப்பட்டியில் தாது உப்புகள் கொஞ்சம் உண்டு, உண்மைதான். ஒரு ஸ்பூனில் அது எவ்வளவு வந்துவிடப் போகிறது? தேன் மட்டும் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம்.

சம்பந்தம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1940-ல் பிரிட்டனில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. 1953 செப்டம்பரில் அதை எடுத்தார்கள். எடுத்த கொஞ்ச காலத்திலேயே, ஆள் ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 40 கிராமாக இருந்த சர்க்கரை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்கள் வயதான பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கருவில் இருந்த காலத்திலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு. நோய் வந்தவர்களுக்கும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளித்தான் வந்தது. அந்தப் பலனில் மூன்றில் ஒரு பங்கு கருவிலிருந்த காலத்தாலேயே கிடைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல், திட உணவு தொடங்கும் பருவத்தில், பலன் இன்னும் கூடியது. உங்கள் பேரன் இப்போது அந்தப் பருவத்தில்தான் இருக்கிறான்.

சர்க்கரை நோய்க்கு இனிப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பரம்பரை, உடல் எடை, தட்டில் குவியும் சோறு, நடக்காத கால்கள் எல்லாம் சேர்ந்துதான் அது வருகிறது. தாத்தாவிடமிருந்து வருவதை நாம் மாற்ற முடியாது. கூழில் போடுவதை மாற்றலாம் அல்லவா?

நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்துக் கூழில் கலந்து கொடுங்கள். முதலில் துப்பினால் விட்டுவிட்டு நாளைக்கு மறுபடி கொடுங்கள். சில குழந்தைகளுக்கு ஒரு புதுச் சுவை பிடிக்கப் பத்துத் தடவைகூட ஆகும். ரஸ்க், பிஸ்கட், இனிப்புக் கலந்த பால் பவுடர் பானங்கள் இப்போதைக்கு வேண்டாம். பழச்சாறும் வேண்டாம், பழமாகவே கொடுங்கள்.

அப்புறம், அப்பாவுக்குச் சுகர் இருப்பதால் உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம். 30 வயதைத் தாண்டியிருந்தால் ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 5.7-க்கு மேல் இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அவர்களுடைய சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம்.