ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டுக்கு 650 வாட் பவர் சப்ளை போதுமா, 1000 வேண்டுமா?

850 வாட் வாங்குங்கள். 1000 தேவையில்லை, மிஞ்சும் பணத்தைத் தரத்தில் போடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3080-க்கு, அதை உருவாக்கிய என்விடியா சொல்வதே குறைந்தது 750 வாட்.

கேம் ஆடும்போது மட்டும் கணினி பட்டென்று அணைகிறது என்கிறீர்கள். அந்தக் கார்டு வழக்கமாக 320 வாட் எடுக்கும், ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அதைவிட வெகு அதிகமாக இழுத்துவிடும். உங்கள் பழைய 650 வாட் சப்ளை அதை ஆபத்தென்று எடுத்துக்கொண்டு தன்னை நிறுத்திக்கொள்கிறது என்றே நினைக்கிறேன். ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை தரத்தில் வருபவை இந்தத் திடீர் தாவலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை.

காசு கொடுக்கும் முன், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில், கார்டு எடுக்கும் மின்சாரத்தின் வரம்பான பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். அணையவில்லையா? அநேகமாக சப்ளைதான். அப்போதும் அணைந்தால் முதலில் சூட்டைப் பாருங்கள். விசிறி மட்டும் ஓடும் எச்டிபி (சிங்கப்பூர் அடுக்குமாடி வீடு) அறையில் மதிய வெயிலுக்குச் சூடேறி அணைவதும் நடக்கும். கார்டுக்கு ஒரே கேபிளின் இரண்டு முனைகளைச் செருகியிருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள்.

அப்புறம், சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் புதியதை வாங்கி வந்ததும் பழைய மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்களை அப்படியே விட்டு சப்ளை பெட்டியை மட்டும் மாற்றிவிடாதீர்கள், தயவுசெய்து. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கலாம். அப்படியிருந்தால், உங்கள் கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டி ஒரு நொடியில் போய்விடும்.