சிறுசேரி வேலைக்கு எங்கே வீடு பார்ப்பது?

உங்களுக்குச் சிறுசேரியில் வேலை, மனைவிக்கு எழும்பூரில். நாவலூரில் வீடு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாம்பரம் பக்கம் பாருங்கள். அங்கிருந்து எழும்பூருக்கு நேராக மின்சார ரயில் இருக்கிறது. பல வண்டிகள் தாம்பரத்திலேயே கிளம்புவதால் உட்கார இடமும் கிடைக்கும். நீங்கள் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் போகலாம். தூரம்தான், ஆனால் நாவலூரிலிருந்து அவர் தினமும் பஸ் மாறி எழும்பூர் போவது அதைவிடக் கொடுமை. நாங்கள் இரண்டு வருஷம் அப்படித்தான் அல்லாடினோம்.

அப்புறம் தண்ணீர். நாவலூர், சிறுசேரி இருக்கும் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) அடுக்குமாடிகள் பலவற்றில் லாரித் தண்ணீர்தான். அந்தச் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன், ஐப்பசி மழையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரியுங்கள். தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர் பக்கம் என்றால் கட்டாயம் விசாரியுங்கள். 2015 வெள்ளத்தில் அங்கே வீடுகள் மூழ்கின.